சுப்பராயனை அணுக முடியவில்லை

"அங்கிள், ஐயா வரமாட்டேன்றாரு."

சில்வியா இதைச் சொன்னபோது ஐயா சுப்பராயன் காலமாகிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆகவே அவர் வராததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சில்வியா சொன்னது ஐயாவின் கம்ப்யூட்டரை. ராயபுரத்தில், துறைமுகத்துக் கிரேன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் ஒரு முதல் மாடியில் இருந்தது சுப்பராயன் ஏஜென்சீஸ். கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் ஆபீஸ். மொத்தம் நான்கு கம்ப்யூட்டர். ஒன்று ஐயாவுடையது; அதன் பெயரும் சுப்பராயன்தான். மற்ற மூன்றும் அவர் மகன் வல்லரசு, மூத்த கிளார்க் செல்வநாதன், டைப்பிங் சில்வியா ஆகியோருடையவை. யார் எதை அடித்தாலும் அது ஐயாவின் கம்ப்யூட்டரில் உள்ள பொது ஃபோல்டரில்தான் போய்த் தங்க வேண்டும் என்பது ஐயா போட்ட சட்டம். தன் கம்ப்யூட்டரில் ஒரு வரியைத் தனியாக வைத்துக்கொண்டாலும் அது திருட்டில் சேர்த்தி. அந்த ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்களும் மூன்று மனிதர்களும் எது வேண்டுமானாலும் ஐயாவிடம் கேட்டு வாங்கித்தான் பன்னிரண்டு வருஷம் பிழைத்தார்கள்.

செல்வநாதன் எழுந்து வந்து பார்த்தார். சில்வியாவின் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் நின்றது. சுப்பராயனை அணுக முடியவில்லை என்றும், பெயரில் எழுத்தெல்லாம் சரியா என்று பார்க்கும்படியும் அது கேட்டுக்கொண்டது.

"பேரு சரியா இருக்கா பாத்தியாம்மா?"

"பன்னெண்டு வருஷமா அதே பேருதான் அங்கிள். நான் தொடவே இல்ல."

"தொடலன்னாலும் பாக்கணும்."

பெயர் விஷயத்தில் செல்வநாதன் யாரையும் நம்புகிறவர் அல்ல. வாங்குகிறவர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கண்டெய்னர் அக்கரையில் ஒரு மாதம் வெயில் காயும் என்பது அவர் முப்பத்தோரு வருஷ அனுபவம். ஐயாவின் பான் கார்டு நகலை மேஜை டிராயரிலிருந்து எடுத்து வந்தார். திரையில் இருந்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். பத்து எழுத்து. பத்தும் சரி.

"பேருல தப்பு இல்ல. அது நிச்சயம்" என்றார்.

அன்றைக்கு என்று பார்த்து அது நடந்திருக்க வேண்டாம். கொழும்புக்குப் போகிற ஒரு கண்டெய்னர் நிறையக் கருவாடு, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அறுநூற்று இருபது அட்டைப்பெட்டி. எந்தப் பெட்டியில் எந்த மீன், எத்தனை கிலோ என்று சில்வியா இரண்டு நாள் உட்கார்ந்து அடித்த பட்டியல் பொது ஃபோல்டரில் இருந்தது. அதைத் துறைமுகத்துக்கு ஆன்லைனில் அனுப்பினால்தான் கேட்டில் விடுவதற்கான சீட்டு வரும். நாலு மணிக்கு அந்தக் கப்பலுக்கு கேட் மூடல். கையால் எழுதிய மூலத் தாள்களைப் பார்த்து மறுபடி அடிக்கலாம்தான். ஆனால் அந்தத் தாள்களைச் சரக்கு ஏற்றியவர்கள் மிகவும் பத்திரமாகக் கருவாட்டோடு கண்டெய்னருக்குள்ளேயே வைத்துப் பூட்டி சீல் போட்டிருந்தார்கள்.

காலையிலேயே வல்லரசு செல்வநாதனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்.

"அங்கிள், இந்த மாசத்தோட உங்களுக்கு அறுபது முடியுது. இந்த கண்டெய்னர ஒயுங்கா ஏத்தி வுட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷம் இருங்க. இல்லாங்காட்டி வூட்ல ரெஸ்ட் எடுங்க."

வீட்டில் ரெஸ்ட் என்றால் என்ன என்பது செல்வநாதனுக்குத் தெரியும். மனைவி சிலுவையம்மாள் அவருடைய ஓய்வுக்காக ஒரு பட்டியல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். இரண்டு பக்கம். முதல் வரி, மொட்டை மாடித் தொட்டி கழுவுவது.

அவர் ஐயாவின் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை. ஐயாவின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில், மாலையும் சிவப்பு பல்புமாக ஐயாவின் படம். இரண்டு நாளைக்கு முன் கருமாதி முடிந்து, நேற்றுதான் ஆணி அடித்து மாட்டியது. நேற்று அந்த ஆபீஸில் வேறு வேலையே நடக்கவில்லை. காரணம், வியாசர்பாடிச் சித்தப்பா.

ஐயா இறந்த செய்தியை வல்லரசு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். சித்தப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அவர் விஷயம் தெரியாமல் தன் பாட்டுக்கு இருந்து, கருமாதி அன்றைக்கு யாரோ சொல்லி வந்து சேர்ந்தார். ஆபீஸுக்குக் கீழே போட்டிருந்த பந்தலுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். இலையில் உட்காரவில்லை. போகிறபோது மட்டும் படியேறி ஆபீஸ் போர்டைப் பார்த்துவிட்டு, "செத்த மனுஷன் பேருக்கு முன்னால 'லேட்' போடக்கூட நாதியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வல்லரசு உத்தரவு போட்டான். "அங்கிள், அப்பா பேரு எங்கெங்க கீதோ, அங்கெல்லாம் முன்னால லேட் இருக்கணும். ஒரு எடம் உட்டாலும் அந்தாளு வந்து கூத்து கட்டுவாரு."

பெயர் திருத்துவது என்றால் செல்வநாதனுக்கு அது திருப்பலி மாதிரி. காலையில் தொடங்கினார். வாசல் போர்டு, லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், சாவிக்கொத்துப் பலகை, ஐயா தந்த தண்ணீர் டிரம், ஐயாவின் கம்ப்யூட்டர், 'சுப்பராயன் உபயம்' என்று இறக்கையில் எழுதிய சீலிங் ஃபேன். பெயின்ட் அடிக்க வேண்டியதில் பெயின்ட், அச்சடிக்க வேண்டியதில் அச்சு, தட்ட வேண்டியதில் தட்டு. டீ கொண்டுவரும் கெங்கம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள். ஃபேன் ஓடும்போது எழுத்து தெரியாதே என்று அவள்தான் கேட்டாள். "நின்னா தெரியும்" என்றார் செல்வநாதன். வேலை முடிய ஆறு மணி ஆனது.

இப்போது ஐயாவின் திரை பாஸ்வேர்டு கேட்டது.

"பதினேழு நாளா தெறந்தேதானே கெடந்துச்சு?" என்றான் வல்லரசு.

"நேத்து அதுவே ஒரு தடவ அணைச்சுப் போடச் சொல்லுச்சு தம்பி. போட்டேன்."

"அது சொன்னா போட்ருவீங்களா?"

வல்லரசு குனிந்து தன் பெயரை அடித்தான். தவறு என்றது. அம்மா பெயரை அடித்தான். தவறு. கொஞ்சம் யோசித்து, ஐயா வளர்த்த நாயின் பெயரை அடித்தான். அதுவும் தவறு என்று வந்தபோது மகனின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

"பாஸ்வேர்டு வேணாம் சார்" என்றாள் சில்வியா. "ஐயா இத பூட்டிட்டு சாப்புட போவாரு, அப்பவும் எங்களுக்கு ஃபைல் வந்துகினுதான் இருந்துச்சு. உள்ள எல்லாம் நல்லாத்தான் கீது. வழியிலதான் எங்கியோ தகராறு."

வழியில் தகராறு என்றதும் பொறுப்பு செல்வநாதன் தலையில் விழுந்தது. பிரின்டருக்குள் சிக்கிய ஒரு ஸ்டேப்ளர் பின்னை அவர் முன்பு எடுத்ததிலிருந்து அவர்தான் அந்த ஆபீஸுக்கு சிஸ்டம் இன்சார்ஜ்.

அவர் முதலில் செய்தது, சில்வியாவின் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது. அது இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே ஒரு வருஷமாகக் காத்திருந்த மாதிரி அப்டேட் செய்ய ஆரம்பித்தது. நாலு சதவீதம் என்றது. அரை மணி கழித்து ஏழு என்றது.

"தானா முடியுமா அங்கிள்?"

"முடியும். நாலு மணிக்கு முன்னாடியான்னு கேக்காத."

அது முடிவதற்குள் மணி பன்னிரண்டே கால். எழுந்து வந்த கம்ப்யூட்டர் மறுபடியும் சுப்பராயனை அணுக முடியவில்லை என்றது, இந்த முறை இன்னும் பெரிய எழுத்தில்.

அடுத்து, ஒயரெல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டியிலிருந்து அத்தனை ஒயரையும் உருவி, ஒவ்வொன்றாக வாயால் ஊதித் திரும்பச் செருகினார். எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடித்தபோது பிரின்டரும் போய்விட்டிருந்தது.

டிரெய்லர் டிரைவர் தேவப்பிரியம் போன் செய்தார். "அண்ணே, திருவொத்தியூர் தாண்டிட்டேன். முன்னால பதினாலு வண்டி கீது. வெயில்ல கருவாடு வாசன தூக்குது. பின்னால நிக்கிற டேங்கர் லாரிக்காரன், மணலி ரிஃபைனரி காத்தே தேவலன்னு சொல்றான். சீட்டு இன்னா ஆச்சு?"

"வந்துகினே இருக்கு" என்றார் செல்வநாதன். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டு ஃப்ரெடியை அழைத்து வந்தது அதன் பிறகுதான். ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது டன் தூக்குகிற கிரேனைச் சரிசெய்த கைக்கு இது ஒரு வேலையா என்கிற நடையில் வந்தார். படியேறும்போதே போர்டைப் படித்துவிட்டார்.

"இன்னா மாமு, லேட் சுப்பராயன் ஏஜென்சீஸா? கப்பலுக்கு சரக்கு ஏத்துற ஆபீஸுக்கு வாசல்லியே லேட்டுனு எயுதி வச்சா எவன்பா வருவான்?"

"மரியாதைடா. நீ ஒயரப் பாரு."

ஃப்ரெடி ஒயரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு ஐயாவின் படத்தைப் பார்த்தார்.

"இந்த ஆணி எப்ப அடிச்சது?"

"நேத்து."

"பொட்டி எப்ப மக்கர் பண்ணுச்சு?"

"இன்னிக்கு."

"முடிஞ்சிது கேஸு. செவுத்துக்குள்ள போற ஒயர ஆணி கிழிச்சிருக்கு. கயட்டு."

வல்லரசுக்கு மனமில்லை. மாட்டி ஒரு நாள்கூட ஆகாத படம். ஆனால் மணி இரண்டரை. படத்தைக் கழற்றிக் கீழே வைப்பது மரியாதை இல்லை என்பதால் ஐயாவின் நாற்காலியில் வைத்தார்கள். மாலையோடு ஐயா தன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாளுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் வந்தது.

ஃப்ரெடி குறட்டால் ஆணியைப் பிடித்து இழுத்தார்.

சுவருக்குள் ஒயர் இல்லை. தண்ணீர்க் குழாய் இருந்தது. நேற்று அதில் ஓட்டை போட்ட ஆணியே நேற்றிலிருந்து அந்த ஓட்டையையும் குழாயையும் சேர்த்து அடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் ஒரு பாய்ச்சலாக வந்து வல்லரசின் சட்டைப் பையை நிரப்பியது. ஃப்ரெடி பாய்ந்து கட்டைவிரலால் ஓட்டையை அமுக்கினார்.

"மாமு, ஒயர்ல கோளாறு இல்ல" என்றார், அமுக்கியபடியே.

இரண்டாம் மாடியிலிருந்து ரஹீமுன்னிசாவின் குரல் கேட்டது. "யப்பா ஆபீஸ்காரங்களே, நேத்துலருந்து ஏறாத தண்ணி இப்ப வருது! இன்னா செஞ்சீங்களோ அத வுடாம செய்ங்கப்பா!"

செல்வநாதன் பதறிப்போனார். பதறிய மனிதன் கையில் குண்டூசி கிடைக்கக் கூடாது. வைஃபை பெட்டியின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் அதை விட்டு ஓர் அமுக்கு அமுக்கினார். எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று யாரோ சொல்லி அவர் கேள்விப்பட்டிருந்தார். எல்லாம் அணைந்தது. பிறகு ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, ஐயாவின் படத்து பல்பு மாதிரி.

சில்வியா தன் திரையைப் பார்த்தாள். "அங்கிள், மொதல்ல ஐயா மட்டுந்தான் வரல. இப்ப உலகமே வரல."

இன்டர்நெட்டுக்குத் தன் போனையே வைத்துச் சமாளித்தாள் அந்தப் பெண். ஆனால் அனுப்புவதற்குப் பட்டியல் வேண்டுமே. மணி மூன்று இருபது.

வல்லரசு ஈரச் சட்டையோடு நாற்காலியின் முன்னால் கைகட்டி நின்றான். "அப்பா, எம்மேல இன்னா கோவம் இருந்தாலும் அப்பால பேசிக்கலாம். அந்த ஒரு ஃபைல மட்டும் குடுத்துருப்பா" என்றான். ஒரு மசால்வடையை வரவழைத்துப் படத்தின் முன்னால் வைத்தான். செல்வநாதன் வேறு பக்கம் திரும்பி, காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு ஒரு டஜன் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். சில்வியா மறுபடியும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள்.

சுப்பராயனை அணுக முடியவில்லை.

"போதும் அங்கிள்" என்றான் வல்லரசு. குரலில் கோபம்கூட இல்லை. "நாளைலருந்து நீங்க வூட்லயே இருங்க."

செல்வநாதன் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். டிராயரைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் ஜெபமாலையையும் எடுத்துப் பையில் போட்டார். மொட்டை மாடித் தொட்டி கண்முன் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும்.

அப்போது கெங்கம்மா டீயோடு வந்தாள். ஆளுக்கொன்று வைத்தாள். கட்டைவிரலை எடுக்க முடியாத ஃப்ரெடிக்கு அவளே வாயில் ஊற்றினாள். வல்லரசு போனில் யாரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா தம்பி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"பட்ட காலுலயே படுது கெங்கம்மா. வியாசர்பாடி சித்தப்பாவ காலைலருந்து கூப்புட்றேன். எடுக்கவே மாட்டேன்றாரு."

"போன்ல கூப்புட்டா எடுப்பாரா? செத்த சேதிய நீ வூட்டாண்ட போயி சொல்லியிருக்கணும். ஒவ்வொரு வூடா போயி, இந்த மாதிரி ஆயிப்போச்சு, இனிமே இப்புடித்தான்னு மூஞ்சப் பாத்து சொல்லணும். சொல்லாங்காட்டி அதுங்களுக்கு எப்புடித் தெரியும்? பழைய நெனப்புலயேதான் குந்திகினு இருக்கும்."

செல்வநாதனின் டீ டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

பிறகு அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் சில்வியாவின் கம்ப்யூட்டருக்குப் போனார். "நவுரும்மா" என்றார். ஒற்றை விரலால் எதையோ ஐந்து தட்டு தட்டினார்.

ஃபோல்டர் திறந்துகொண்டது. அறுநூற்று இருபது பெட்டியும் வரிசையாக நின்றன.

சில்வியா கத்தினாள். அந்தக் கத்தலில் ஃப்ரெடி கையை எடுத்துவிட்டார். தண்ணீர் மறுபடி பாய்ந்து மசால்வடையை அடித்துக்கொண்டு போனது. மேலே ரஹீமுன்னிசா தண்ணி போச்சு என்று சத்தம் போட்டார். யாரும் எதையும் கண்டுகொள்ளவில்லை. மூன்று நாற்பத்தொன்றுக்குப் பட்டியல் போனது. மூன்று நாற்பத்தேழுக்குத் துறைமுகத்திலிருந்து சீட்டு வந்து, தேவப்பிரியத்தின் போனுக்குப் பறந்தது. மூன்று ஐம்பத்தாறுக்கு அவர் கூப்பிட்டார்.

"அண்ணே, உள்ள பூந்துட்டேன். கேட்ல நின்ன ஆளு மூக்கப் பொத்திகினு சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு தள்ளியே வுட்டான்!"

அதற்குள் செல்வநாதன் வல்லரசின் கம்ப்யூட்டருக்கும், பிறகு தன்னுடையதற்கும் நேரில் போய் அதே ஐந்து தட்டைத் தட்டிவிட்டு வந்திருந்தார். மூன்றும் ஐயாவோடு ராசியாகிவிட்டன.

வல்லரசு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. ரெண்டு வருஷம் இல்ல, மூணு வருஷம் நீங்கதான். எவனுக்கும் பிடிபடாத கோளாற இப்புடி ஒத்த வெரலால முடிச்சிட்டீங்களே! இன்னாதான் அங்கிள் அது?"

செல்வநாதன் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மறுபடி டிராயரில் வைத்தார். நாற்காலியில் இருந்த ஐயாவின் கண்ணை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

"அது டெக்னிக்கல் தம்பி" என்றார். "சொன்னா உனக்குப் புரியாது."

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கெங்கம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா பெரிய டெக்னிக்கலு? நேத்து சாயந்தரம் ஐயா பொட்டி பேருக்கு முன்னால லேட்டு தட்டி வுட்டியே நைனா, மீதி மூணு பொட்டிக்கும் சாவு சேதிய இப்பத்தானே சொன்ன?"